விட்டுவிட்டு வருதல்: ‘ஆஃப் அண்ட் ஆன்’ என்னும் ஆங்கிலத் தொடரும் அதன் தமிழாக்கமும்

ஐதராபாத் நகரின் மேற்கே மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ராமச்சந்திராபுரம், 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையும் ஊழியர் குடியிருப்பும் எழுந்தபின் பன்மொழி ஊராக மாறியது. அதற்கு அப்பால் பட்டான்செருவில் 1972இல் இக்ரிசாட் எனப்படும் பன்னாட்டுப் பயிராராய்ச்சி நிறுவனம் அமைந்தது. தெலுங்கும் தக்கினி உருதுவும் வழங்கிய நிலப்பகுதியில் தமிழ், கன்னடம், மலையாளம், மராத்தி, இந்தி ஆகியவற்றைப் பேசுவோரும் வந்து குடியேறினர். இத்தகைய ஊர்களில் நோயாளி தன் மொழியில் கூறுவதை மருத்துவர் ஆங்கிலத்தில் குறித்துக்கொள்வதே இயல்பு. இந்திய மருத்துவக் குறிப்பேடுகளில் மிகுதியாகப் பயிலும் தொடர்களுள் ஒன்று ‘ஃபீவர் ஆஃப் அண்ட் ஆன்’ என்பது. தமிழர் ஒருவர் ‘ரெண்டு வாரமா விட்டு விட்டுக் காய்ச்சல்’ என்று கூறுவதற்கு இது ஏறத்தாழ நேரான ஆங்கிலம். எனவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும்போது இழப்பு ஏதும் இல்லை.

அதே குறிப்பு மீண்டும் எழுத்துத் தமிழுக்கு வரும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. ‘அவ்வப்போது காய்ச்சல்’ என்றோ ‘எப்போதாவது காய்ச்சல்’ என்றோ எழுதப்படுவதைக் காணலாம். முதலாவது, நோயின் போக்கை மங்கலாக்குகிறது; இரண்டாவது, நோயாளி கூறியதற்கு மாறாகவே அமைந்துவிடுகிறது. இரண்டு வாரம் ஒருவரைப் படுத்திய காய்ச்சல், எப்போதோ ஒருமுறை தலைகாட்டிய காய்ச்சலாகச் சுருங்கிவிடுகிறது. இடைவிட்ட நிகழ்வைக் குறிக்கும் இவ்வாங்கிலத் தொடரின் வரலாற்றையும், அதற்கு நிகராகத் தமிழில் வழங்கும் சொற்களின் பொருள் எல்லைகளையும், இச்சொற்கள் மிகக் கூர்மையாகச் சோதிக்கப்பட்ட களமாகிய முறைக்காய்ச்சலின் வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தொடரின் தோற்றம்

மின்விசையைத் தட்டி விளக்கை ஏற்றி அணைக்கும் தலைமுறைக்கு ‘ஆஃப் அண்ட் ஆன்’ என்பது மின்சாரத்திலிருந்து பிறந்த தொடராகத் தோன்றுவதில் வியப்பில்லை. மின்னிணைப்புக் கருவிகளும் உற்பத்தியாகும் ராமச்சந்திராபுரத்தில் அவ்வெண்ணம் இன்னும் இயல்பானது. ஆயினும் வரலாறு வேறு. இத்தொடர் ‘இடைவிட்டு’ என்னும் பொருளில் 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. மின்விசை தோன்றுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. சொற்களை முன்பின்னாக மாற்றி ‘ஆன் அண்ட் ஆஃப்’ என்று கூறுவது பிற்கால வழக்கு. ‘ஆஃப்’ என்பதே ‘ஆவ்’ என்னும் முன்னிடைச்சொல்லின் அழுத்தம் பெற்ற வடிவம் என்பதும், இரண்டும் தனித்தனிச் சொற்களாகப் பிரிந்து நிலைபெறப் பல நூற்றாண்டுகள் ஆயின என்பதும் ஆங்கிலச் சொல் வரலாற்றில் அறியப்பட்டவை.

கடலோடிகளின் வழக்கில் இத்தொடருக்குத் தனிப்பொருள் உண்டு. கரையை அடையவோ நங்கூரமிடவோ காலம் வாய்க்காத பாய்மரக் கப்பல், ஒரு வீச்சில் கரையை நோக்கி வந்தும், மறுவீச்சில் கரையைவிட்டு விலகியும், நிலத்தின் அண்மையிலேயே நின்றுகொண்டிருக்கும். இதனை ‘ஆஃப் அண்ட் ஆன்’ நிற்றல் என்றனர். ஸ்மித் என்பாரின் மாலுமிகள் சொற்களஞ்சியம் (1867) இப்பொருளைப் பதிவுசெய்துள்ளது. இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. கப்பல் கரைப்பக்கம் வரும் நேரமும் விலகும் நேரமும் சேர்ந்தே ஒரு செயலாகின்றன. விலகியிருக்கும் பொழுதிலும் கப்பல் ‘ஆஃப் அண்ட் ஆன்’ நிலையில்தான் உள்ளது. காய்ச்சலுக்கும் இஃது ஒக்கும். உடல் குளிர்ந்திருக்கும் நாளும் அந்நோயின் நாளே.

இதனை ‘நௌ அண்ட் தென்’ என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பின்னது, காலவெளியில் சிதறிக் கிடக்கும் தனித்தனிப் புள்ளிகளைக் குறிக்கிறது. புள்ளிகளுக்கு இடைப்பட்ட காலம் பற்றி அதற்கு அக்கறை இல்லை. முன்னதோ, ஒரே கோட்டில் விழுந்த இடைவெளிகளைக் குறிக்கிறது. ‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்பது அருமையை மட்டுமே உணர்த்தும். தமிழில் ‘அத்தி பூத்தாற்போல’ என்பது அதற்குப் பொருந்தும். ‘ஆடிக்கொருமுறை அமாவாசைக்கொருமுறை’ என்னும் தமிழ் வழக்கும் அவ்வகையதே. ஆடி ஆண்டுக்கு ஒன்று, அமாவாசை மாதத்துக்கு ஒன்று என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதில் ஒலிப்பது கணக்கன்று; வராதவர்மீதுள்ள குறை.

‘பை ஃபிட்ஸ் அண்ட் ஸ்டார்ட்ஸ்’ என்னும் இன்னொரு தொடரும் ஈண்டுச் சுட்டத்தக்கது. இதிலுள்ள ‘ஃபிட்’ என்பது நோய் திடீரென வந்து பற்றும் வேளையைக் குறித்த சொல். குளிர்காய்ச்சலின் ஒவ்வொரு தாக்குதலும் அப்பெயரால் அழைக்கப்பட்டது. ஆங்கிலம் இடைவிட்ட நிகழ்வைப் பற்றிப் பேசும்போது காய்ச்சலின் நினைவு அடிநாதமாக இருந்துவந்துள்ளது எனலாம்.

அவ்வப்போது, எப்போதாவது, விட்டு விட்டு

‘அவ்வப்போது’ என்பது ‘அப்போது’ என்பதன்மேல் சுட்டு இரட்டித்த வடிவம். ‘அவரவர்’, ‘அந்தந்த’ என்பவற்றைப் போல இது பகிர்வுப் பொருள் உடையது. ‘கணக்கை அவ்வப்போது எழுதிவை’ என்னும் தொடரின் பொருள் ‘இடையிடையே எழுது’ என்பதன்று. ‘ஒவ்வொரு செலவும் நேரும்போதே எழுது’ என்பதாகும். இங்கு விடுபாட்டுக்கு இடமே இல்லை. சட்டத்தமிழில் ‘ஃப்ரம் டைம் டு டைம்’ என்பதற்கு ‘அவ்வப்போது’ நிலைபெற்றது பொருத்தமானதே. தேவை எழும்போதெல்லாம் திருத்தப்படும் விதிகளை அது சரியாகக் குறிக்கிறது. ‘சில வேளைகளில்’ என்னும் பொருளும் இச்சொல்லுக்குப் பரவலாக உண்டு. ஆகவே ‘மருந்தை அவ்வப்போது உட்கொள்க’ என்று ஒரு மருந்துக் குறிப்பு அமையுமானால், வலி வரும்போதெல்லாம் உட்கொள்வதா, நினைத்தபோது உட்கொள்வதா என்று படிப்பவர் மயங்குவார். தெலுங்கின் ‘அப்புடப்புடு’ இதே அமைப்பினது. இதே மயக்கத்துக்கும் இடந்தருவது.

‘எப்போதாவது’ வினாச்சொல்லோடு ‘ஆவது’ சேர்ந்த ஐயப்பொருள் வடிவம். நிகழுமா என்பதே உறுதியற்ற நிகழ்வுக்கு அது உரியது.

‘விட்டு விட்டு’ என்பது இவ்விரண்டினின்றும் அமைப்பிலேயே வேறுபட்டது. இது காலப்பெயரன்று, ‘விடு’ என்னும் வினையின் எச்சம் அடுக்கி வந்தது. நிகழ்வை எண்ணாமல் நிகழ்வு அற்ற இடத்தைச் சொல்வது இதன் இயல்பு. கால அளவைச் சேர்த்துச் சோதித்தால் இது தெளிவாகும். ‘பத்து நாட்களாக விட்டு விட்டுக் காய்ச்சல்’ என்பது இயல்பான தமிழ். ‘பத்து நாட்களாக அவ்வப்போது காய்ச்சல்’ என்பது ஏற்கத்தக்கதாயினும் நோயின் தொடர்ச்சியை உணர்த்துவதில் தளர்ந்துள்ளது. ‘பத்து நாட்களாக எப்போதாவது காய்ச்சல்’ என்பதைத் தமிழர் எவரும் கூறார். ‘ஆஃப் அண்ட் ஆன்’ என்பதும் ஆங்கிலத்தில் கால அளவோடு இயல்பாகப் பொருந்துவது என்பதை நோக்க, இரண்டும் ஒரே பொருட்புலத்தின என்பது பெறப்படும்.

இன்னும் நெருங்கிய ஒப்புமை ஒன்று உண்டு. ‘இன்டர்மிட்டண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீனின் ‘இன்டெர்’, ‘மித்தெரெ’ என்னும் இரண்டின் சேர்க்கை. முன்னது ‘இடை’, பின்னது ‘விடு’. தமிழின் ‘இடைவிடு’ என்பதும் இவ்வாறே அமைந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று ஆக்கப்பட்டதற்கு வாய்ப்பில்லை. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே வழியில் சிந்தித்துள்ளன. ஆயினும் எழுத்துத் தமிழில் ‘இடைவிடாத’, ‘இடைவிடாமல்’ ஆகிய எதிர்மறைகள் பெருவழக்காயிருக்க, ‘இடைவிட்ட’ என்னும் உடன்பாடு அருகியே காணப்படுகிறது. மலையாளமோ ‘இடவிட்டு’ என்பதைத் தயங்காது வழங்குகிறது. ‘விடு’ என்பது பேச்சுக்குரிய எளிய சொல் என்று கருதித் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒதுக்குவது காரணமற்ற கூச்சமே.

இரு நிலைகளையும் பெயரிட்டுச் சொல்லும் ஆங்கில அமைப்புக்கும் தமிழில் இணை இல்லாமலில்லை. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் நீரைக் கட்டி வைக்காமல் மண் காய்ந்தபின் மீண்டும் பாய்ச்சுவதை உழவர் ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ என்பர். திருந்திய நெல் சாகுபடி பரவியபோது வேளாண் துறையினரும் இத்தொடரையே கையாண்டனர். கலைச்சொல்லாக்கக் குழு ஒன்று அமர்ந்து ஆக்கியிருந்தாலும் இதனினும் செறிவான தொடர் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. இங்குக் ‘காய்ச்சல்’ என்பது காய்தல், நோயன்று.

முறையும் எண்ணிக்கையும்

இடைவிட்டு வரும் காய்ச்சலுக்குத் தமிழில் வழங்கிய பழைய பெயர் ‘முறைக்காய்ச்சல்’ அல்லது ‘முறைச்சுரம்’. ‘முறை’ என்பது தவணை. ஒருவர்பின் ஒருவராக வரும் வாய்ப்பு. ஏரி, ஆற்று நீரை ஊர்களுக்கு மாற்றி மாற்றி விடும் ‘முறைப்பாசனம்’ என்பதிலும் இச்சொல்லே உள்ளது. காய்ச்சல் தன் முறை வந்ததும் தவறாது வருகிறது என்னும் கருத்து இப்பெயரில் அடங்கியுள்ளது. ‘அவ்வப்போது’ என்பதில் இக்கருத்து சிறிதும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

இம்முறைமையைப் பழைய மருத்துவ மரபுகள் பலவும் எண்ணி வகுத்தன. அதர்வ வேதத்திலேயே மூன்றாம் நாள் வரும் காய்ச்சல் குறிக்கப்படுகிறது. ஆயுர்வேத நூல்கள் விஷம சுரத்தைச் சந்ததம், சததம், அன்யேத்யுஷ்கம், திருதீயகம், சதுர்த்தகம் என ஐந்தாகப் பிரித்தன. கிரேக்க, இலத்தீன் மருத்துவம் நாள்தோறும் வருவது, மூன்றாம் நாள் வருவது, நான்காம் நாள் வருவது எனப் பகுத்தது. ஆங்கிலத்தின் ‘டெர்ஷன்’, ‘குவார்ட்டன்’ என்பவை இலத்தீனிலிருந்து வந்தவை.

மொழிபெயர்ப்பாளர் இடறும் இடம் இதுவே. ‘டெர்ஷன்’ என்பதன் வேர் ‘மூன்றாவது’. ஆனால் அக்காய்ச்சல் வருவது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை. உரோமர், தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணினர். ஞாயிறன்று காய்ச்சல் கண்டால், திங்கள் விட்டு, செவ்வாயன்று அடுத்தது. ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. வெள்ளியன்று சிலுவையில் அறையப்பட்ட இயேசு, மூன்றாம் நாளாகிய ஞாயிறன்று உயிர்த்தெழுந்தார் என்று கிறித்தவர் எண்ணுவதும் இம்முறையிலேயே. வடமொழியின் திருதீயகமும் அவ்வாறே. தமிழிலும் ‘மூன்றாம் நாள்’ என்பது இவ்வெண்ணிக்கைக்கு இடந்தரும். ஆனால் அதனை விளக்க முற்பட்டு ‘மூன்று நாளைக்கு ஒருமுறை’ என்று எழுதினால், 48 மணி 72 மணியாகி, ‘டெர்ஷன்’ ‘குவார்ட்டன்’ ஆகிவிடும். ஒரு வேற்றுமை உருபு நோயையே மாற்றிவிடுகிறது.

‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்னும் தொடரில் இவ்விடர்ப்பாடு இல்லை. வந்த நாட்களை எண்ணாமல் விட்ட நாட்களை எண்ணுவதால், தொடக்க நாளைச் சேர்ப்பதா விடுவதா என்னும் கேள்வி எழுவதேயில்லை. ‘இரண்டு நாள் விட்டு வரும் காய்ச்சல்’ என்றால் அது 72 மணிக் காய்ச்சல்தான். உறவுமுறையில் ‘ஒன்றுவிட்ட அண்ணன்’ என்பதிலும் எண்ணப்படுவது இடையில் விடுபட்ட படியே. இவ்வமைப்பு திராவிட மொழிகளில் பரவலாக உள்ளது: தெலுங்கில் ‘ரோஜு விடிச்சி ரோஜு’, கன்னடத்தில் ‘தின பிட்டு தின’, மலையாளத்தில் ‘ஒன்னிடவிட்டு’. மூன்றிலும் வினை ஒன்றே. இந்தி, உருதுவில் ‘ஏக் தின் சோட்கர்’ என்பது வேறு வினைகொண்டு இதே கருத்தைக் கூறுகிறது. எண்ணிக்கை வேண்டாத இடத்தில் அவை ‘ருக் ருக் கர்’ என, நின்று நின்று வருவதாகச் சொல்கின்றன. ஐதராபாத்தின் பல பகுதிகளில் நீண்ட காலம் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாளே வழங்கப்பட்டுவந்தது. குழாயில் நீர் வரும் நாளைப் பற்றி இம்மொழிகளைப் பேசுவோரிடையே மயக்கம் ஏற்படாமைக்கு இப்பொது அமைப்பும் ஒரு காரணமாகலாம்.

எண்ணிக்கைக்குரிய காரணம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் விளங்கிற்று. 1880இல் அல்சீரியாவில் இலவெரான் நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1885–86ஆம் ஆண்டுகளில் இத்தாலியரான கோல்ஜி, சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு ஒட்டுண்ணிகள் வெளிப்படும் நேரமும் காய்ச்சல் எழும் நேரமும் ஒன்றே என்பதையும், 48 மணி, 72 மணிக் காய்ச்சல்கள் வெவ்வேறு வகை ஒட்டுண்ணிகளால் வருபவை என்பதையும் காட்டினார். நோய் எவ்வாறு பரவுகிறது என்பதற்கான விடை ஐதராபாத்திலேயே கிடைத்தது. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்தராபாத்துக்கு அருகிலுள்ள பேகம்பேட்டையில், இரானல்ட் ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் நிறமித் துகள்கள் கொண்ட அணுக்களைக் கண்டார். அக்கொசு உசேன்கான் என்னும் நோயாளியின் குருதியை உண்டது. ராசுக்கு 1902இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. காய்ச்சலின் ‘விட்ட நாள்’ என்பது நோய் விலகிய நாளன்று, ஒட்டுண்ணி குருதியணுக்களுள் வளரும் நாள் என்பது இவ்வாய்வுகளால் உறுதிப்பட்டது. கரையை விட்டு விலகியும் கரையருகே நிற்கும் கப்பலின் உவமை இங்கு முழுவதும் பொருந்துகிறது.

இதற்கு முன்னரே மருத்துவர்கள் விட்ட வேளையின் அருமையை அறிந்திருந்தனர். காய்ச்சல் தணிந்த இடைவேளையில் குயினைன் கொடுப்பது அக்காலத்தில் பரவலான வழக்கம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884), உடற்கூறு, அறுவை, பிரசவம், வேதியியல் ஆகிய துறைகளின் நூல்களைத் தம் மாணவரோடு சேர்ந்து தமிழாக்கினார். மேலைமருத்துவத்தில் காய்ச்சல்கள் மூவகை: விடாது நிற்பது, தணிந்து ஏறுவது, முழுதும் விட்டு மீள வருவது. இம்மூன்றையும் ‘மித்தெரெ’ என்னும் வேரை வைத்தே ஆங்கிலம் பெரும்பாலும் வேறுபடுத்துகிறது. தமிழில் ‘விடு’, ‘தணி’ என்னும் இரு வினைகள் அவ்வேலையை எளிதில் செய்துவிடும்.

எழுத்தில் மறையும் வேறுபாடு

‘விட்டுவிட்டு’ என்பதற்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுத்தில் ஒரே வடிவாகத் தோன்றும் இது, இலக்கண அமைப்பில் இரண்டு. ஒன்று, ‘விட்டு’ என்னும் எச்சம் அடுக்கி வந்தது. மற்றொன்று, முதல்வினையாகிய ‘விட்டு’ என்பதோடு துணைவினையாகிய ‘விடு’ எச்சவடிவில் சேர்ந்தது. ‘வேலையை விட்டுவிட்டுப் படித்தான்’ என்பதிற்போல. ‘அவன் வேலையை விட்டுவிட்டுச் செய்தான்’ என்பதைப் படிப்பவர், அவன் இடையிடையே நிறுத்திச் செய்தானா, வேலையைக் கைவிட்டு வேறொன்றைச் செய்தானா என்று தயங்க நேரும்.

பேச்சில் இத்தயக்கம் இல்லை. துணைவினை அமைப்பு ‘விட்டுட்டு’ எனக் குறுகிவிடுகிறது. அடுக்கு அவ்வாறு குறுகுவதில்லை. இரு சொற்களும் தம் அழுத்தத்தோடு தனித்தே ஒலிக்கின்றன. எழுத்துத் தமிழ் ‘விட்டுட்டு’ என்பதை ஏற்காமையால் இரண்டும் ஒரே உருவில் வந்து நிற்கின்றன. பேச்சு காத்துவரும் ஒரு பொருள் வேறுபாட்டைத் திருத்தமான எழுத்து அழித்துவிடுவது விந்தையே.

மருத்துவத்தில் இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நிற்பதில்லை. தமிழில் காய்ச்சல் நீங்குவதும் ‘விடுதல்’ என்றே கூறப்படும். ‘காய்ச்சல் விட்டுட்டுத் திரும்ப வந்துச்சு’ என்பது, ஒருமுறை முற்றிலும் நீங்கிப் பின்னர் மீண்டதைக் குறிக்கும். ‘காய்ச்சல் விட்டு விட்டு வந்துச்சு’ என்பது முறைக்காய்ச்சல். விவாக்ஸ் வகை மலேரியாவில் இரண்டும் நிகழக்கூடும்: ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதும், கல்லீரலில் உறங்கிக் கிடந்த ஒட்டுண்ணிகள் வாரங்களோ மாதங்களோ கழித்து எழுவதால் நோய் மீள்வதும். முன்னதற்குக் குருதியிலுள்ள ஒட்டுண்ணியை அழித்தால் போதும். பின்னதைத் தடுக்கக் கல்லீரலில் உள்ளவற்றை அழிக்கும் பிரிமாக்குவின் போன்ற மருந்து வேண்டும். எழுத்தில் இரண்டுமே ‘காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது’ என்றாகிவிட்டால், குறிப்பைப் படிப்பவர் எதைக் கொள்வது?

ஆகவே அடுக்கை ‘விட்டு விட்டு’ என இடைவெளி விட்டும், துணைவினை அமைப்பை ‘விட்டுவிட்டு’ எனச் சேர்த்தும் எழுதுவது நலம். எண் தெரிந்த இடத்தில் ‘ஒருநாள் விட்டு’, ‘இரண்டு நாள் விட்டு’ என எண்ணையும் சேர்த்தல் அதனினும் நலம். நோய் மீண்டதைக் குறிக்க ‘முற்றும் நீங்கிப் பின் மீண்டது’ என்று விரித்தெழுதுவதில் தவறில்லை. இருமொழி அகராதிகளோ ‘ஆஃப் அண்ட் ஆன்’, ‘நௌ அண்ட் தென்’, ‘அக்கேஷனலி’ ஆகியவற்றுக்குப் பெரிதும் ஒத்த சொற்களையே திரும்பத் திரும்பத் தருகின்றன. முன்னதற்கு ‘விட்டு விட்டு’ என்பதையும், கால அளவோடு வரும் எடுத்துக்காட்டுத் தொடர் ஒன்றையும் சேர்த்தால் மொழிபெயர்ப்பாளருக்குப் பெரிதும் உதவும்.

எண் தெரியாத இடங்களும் உண்டு. ஃபால்சிபாரம் வகை மலேரியாவில் காய்ச்சல் பெரும்பாலும் ஒழுங்கான முறைக்கு உட்படுவதில்லை. அதுவே உயிருக்கு மிகுந்த இடர் விளைப்பது. அங்கு எண் சேர்க்காத ‘விட்டு விட்டு’ என்பதே உண்மைக்கு நெருங்கியது. ‘ஆஃப் அண்ட் ஆன்’ என்று எழுதுவதற்குமுன் மருத்துவர் கேட்கும் அடுத்த கேள்வி, ‘தினமுமா, ஒருநாள் விட்டா?’ என்பது. நோயாளியின் விடை தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ எண்ணோடு வருகிறது. குறிப்பேட்டின் ஆங்கிலத் தொடரில் அவ்வெண்ணுக்கு இடமில்லை.